மூன்று நிமிடம்

வயலில் கருக்கரிவாள் விரலைக் கிழித்துவிட்டால் காலடி மண்ணை ஒரு சிட்டிகை அள்ளி வெட்டில் வைத்து அழுத்துகிற பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முழுசாகப் போகவில்லை. பார்த்த பெரியவர்கள் திட்டுவார்கள். "செப்டிக் ஆயிடும்டா" என்பார்கள். மண் வைத்தவரோ, "ரத்தம் சட்டுன்னு நின்னுடுச்சே!" என்பார். இந்த வாதத்தில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. மண் ரத்தத்தை விரைவாக உறைய வைக்கும். அதே மண்ணில் டெட்டனஸ் கிருமியும் இருக்கும்; அது ஆளையே கொன்றுவிடும். ஆகவே காயத்தில் மண் போடவே கூடாது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஆனால் கிருமி நீக்கிய களிமண் ஒன்று காயங்களுக்குள் திணிக்கப்படுகிறது. குண்டடிபட்ட வீரனை மீட்கப் போகும் மருத்துவ உதவியாளரின் பையில் அது துணிச்சுருள் வடிவில் இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கொலு பொம்மையாகவும் டீ கப்பாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் மாறுகிற வெண்களிமண்தான் அது.

பட்டறையில் ஒரு கைப்பிடி மண்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வந்ததற்குச் சுற்றுவட்டார மண்ணும் ஒரு காரணம். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அகற்றும் மண்ணடுக்குகளிலேயே வெண்களிமண் கிடைக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கும் இந்த ஊரில் அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது.

பொம்மை வார்க்கும் இடத்தில் நின்று பார்த்தால், களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பால் போன்ற குழம்பாக்கி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவது தெரியும். தண்ணீர் குறைவாக இருந்தால் குழம்பு கட்டிதட்டி ஊற்ற வராது. தண்ணீரை அதிகமாக விட்டால் காயும்போது பொம்மை சுருங்கி விரிசல் விடும். இதற்குப் பட்டறைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்துக் கலக்குகிறார்கள். கெட்டியாக நின்ற குழம்பு தண்ணீர் கூடாமலேயே இளகி ஓடத் தொடங்குகிறது.

இதற்குக் காரணம் மின்னூட்டம். கயோலின் என்றும் அழைக்கப்படும் வெண்களிமண் மிக நுண்ணிய அறுகோணத் தகடுகளால் ஆனது. ஒரு தகட்டின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தகட்டின் முகங்களில் எதிர் மின்னூட்டம் உண்டு. ஓரங்கள் அப்படி இல்லை. ஆகவே ஒரு தகட்டின் ஓரம் மற்றொன்றின் முகத்தில் ஒட்டிக்கொண்டு குழம்பு கட்டிதட்டுகிறது. சோடியம் சிலிகேட் ஓரங்களையும் எதிர் மின்னூட்டம் கொண்டவையாக மாற்றிவிட, தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன. பட்டறைத் தொழிலாளி தினமும் கையாளும் இந்த எதிர் மின்னூட்டப் பரப்பைத்தான் ரத்தமும் அடையாளம் கண்டுகொள்கிறது.

கரை உடைந்தால்

ரத்தம் தானாக உறைவது எப்படி? ஏரிக்கரை உடைப்பெடுத்தால் ஊர் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் மணல் மூட்டைகளை வீசுவார்கள். தண்ணீர் அவற்றை உருட்டிக்கொண்டு போகாமல் இருக்கப் பிறகு முளை அடித்துப் படல் கட்டுவார்கள். உடலில் மணல் மூட்டையின் வேலையைச் செய்பவை தட்டணுக்கள். டெங்கு காய்ச்சலில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாம் பதறுவது இவற்றுக்காகத்தான். படலாக வந்து அவற்றைப் பிணைத்துப் பிடிப்பது ஃபைப்ரின் என்ற புரத இழை.

ஃபைப்ரின் எப்போதும் இழையாகவே இருந்தால் ரத்தக் குழாய்கள் அடைபட்டு ஒரு மணி நேரம்கூட உயிர் வாழ முடியாது. ஆகவே அது கரைந்த நிலையில் காத்திருக்கிறது. அதை எழுப்ப, ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட வேண்டும். இப்படித் தொடர்ந்து தூண்டப்படும் புரதங்களைக் காரணிகள் என்கிறோம். சிறு வெட்டில் இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய தமனி அறுந்தால், உருவாகிற கட்டியை ரத்தத்தின் வேகமே அடித்துக்கொண்டு போகும். உடலிடம் மருந்து இருந்தாலும் அதைப் போட்டு முடிக்க அவகாசம் இல்லை.

ரத்தம் ஏன் கண்ணாடியில் உறைகிறது?

கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் விரைவாக உறையும். உள்ளே மெழுகு பூசிய குழாயில் எடுத்தால் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்திருந்த இந்த வித்தியாசத்தின் காரணம் ஒரு ரயில்வே தொழிலாளியால் விளங்கியது.

அமெரிக்காவைச் சேர்ந்த அவர் பெயர் ஜான் ஹேகமன். அறுவை சிகிச்சைக்கு முன் 1953-இல் செய்த வழக்கமான சோதனையில் அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மறுத்தது. ஆனால் வாழ்நாளில் அவருக்கு ரத்தப்போக்குத் தொல்லையே இருந்ததில்லை. ஆஸ்கர் ராட்னாஃப் என்ற மருத்துவர், தம் உதவியாளர் ஜோன் கொலோபியுடன் சேர்ந்து, அந்த ரத்தத்தில் ஒரு புரதம் இல்லை என்று 1955-இல் வெளியிட்டார். அதற்கு ஹேகமன் காரணி என்று பெயர் வந்தது. இன்று அது பன்னிரண்டாம் காரணி. எதிர் மின்னூட்டமுள்ள பரப்பைத் தொட்டதும் விழித்துக்கொண்டு உறைதல் தொடரைத் தொடங்கிவைப்பது அதன் வேலை. கண்ணாடி அத்தகைய பரப்பு. கயோலின் இன்னும் வலுவானது. ஒரு சிட்டிகைத் தூளில் எண்ணற்ற தகடுகள், ஒவ்வொன்றின் முகமும் ஒரு பரப்பு.

சாதாரண வெட்டுக்காயத்தை அடைக்க உடலுக்குப் பன்னிரண்டாம் காரணி தேவைப்படுவதில்லை என்பதற்கு ஹேகமனே சாட்சி. காயம்பட்ட திசு வேறு வழியாக அந்தத் தொடரைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே களிமண் செய்வது, உடல் வழக்கமாகப் பயன்படுத்தாத இரண்டாவது வாசலையும் சேர்த்துத் திறந்துவிடுவது. மருத்துவ ஆய்வகத்தில் இது அன்றாடச் சங்கதி. அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கச் சொல்லும் ஏபிடிடி சோதனையில் கயோலினும் பயன்படுகிறது. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ரத்தக் குழாயின் உட்சுவரில் மணலின் உறவான சிலிக்காத் தூள் பூசியிருப்பதும் இதற்காகவே.

தூளிலிருந்து துணிக்கு

இந்த அறிவு போர்க்களத்தை அடைய அரை நூற்றாண்டு ஆனது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்தியது சியோலைட் என்ற தாதுவின் குருணை. அது ரத்தத்திலுள்ள நீரை உறிஞ்சியது. உறிஞ்சும்போது சூடானது. உயிர் பிழைத்தவர்கள் சிலருக்குக் காயத்தோடு தீப்புண்ணும் சேர்ந்தது. பிறகு 2008-இல் அந்நாட்டின் போர்க்கள மருத்துவக் குழு இரண்டு பொருள்களைப் பரிந்துரைத்தது. ஒன்று, கயோலின் தோய்த்த துணிச்சுருள். மற்றொன்று, வேறு வகைக் களிமண் தூள். அடுத்த ஆண்டே தூள் விலக்கப்பட்டது. விலங்குச் சோதனைகளில் அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அங்கும் கட்டியை உண்டாக்கியது. துணிச்சுருள் நிலைத்தது. மண் துணியோடு ஒட்டியிருக்க வேண்டும், வேலை முடிந்ததும் முழுவதும் வெளியே வர வேண்டும் என்ற பாடத்துக்கு இப்படி விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு தொடைக் காயத்தின் கணக்கு

இனி ஒரே ஒரு காயத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

60 கிலோ எடையுள்ள ஒரு ஜவான். கிலோவுக்கு 70 மில்லி என்று கொண்டால் அவர் உடலில் 4,200 மில்லி ரத்தம் இருக்கும். அதில் 15 விழுக்காடு, அதாவது சுமார் 630 மில்லி வரை போனால் உடல் தாங்கிக்கொள்ளும். ரத்த தானத்தில் நாம் 350 மில்லி கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்து வீட்டுக்குப் போவது அதனால்தான். 40 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது 1,680 மில்லி போய்விட்டால், மரணம் மிக அருகில்.

குண்டு அவருடைய தொடை இடுக்கில் பாய்ந்து தமனியைக் கிழித்துவிட்டது. நிமிடத்துக்கு அரை லிட்டர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 நிமிடம் 15 வினாடியில் தாங்கும் எல்லை முடிகிறது. 3 நிமிடம் 20 வினாடியில் சாவின் எல்லை. அழுத்தம் குறையக் குறைய வேகமும் சற்றுத் தணியும்; ஆனாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முழங்காலுக்கருகில் காயம் என்றால் அதற்கு மேலே தொடையை இறுக்குப்பட்டையால் கட்டிவிடலாம். தொடை இடுக்கிலும் அக்குளிலும் கழுத்தடியிலும் கட்டுவதற்கு இடமில்லை. துணிச்சுருள் அங்கேதான் தேவைப்படுகிறது. மருத்துவ உதவியாளர் காயத்துக்குள் விரலை விட்டு, ரத்தம் பீறிடும் இடத்தைத் தொட்டறிந்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிக்கிறார். குழி நிரம்பியதும் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல், உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துகிறார். குறைந்தது மூன்று நிமிடம். நடுவில் கையை எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாதி உருவான கட்டி பெயர்ந்துவிடும்.

உதவியாளர் முதல் நிமிட முடிவில் வந்துசேர்ந்தால் அதற்குள் அரை லிட்டர் போயிருக்கும். திணித்து முடிக்கும்வரை இன்னும் அரை லிட்டர் போகட்டும். மொத்த இழப்பு 24 விழுக்காடு. ஜவான் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரே மூன்றாவது நிமிட முடிவில் வந்தால், வந்து குனிவதற்குள் 1,500 மில்லி போயிருக்கும். திணித்து முடிப்பதற்குள் எல்லை தாண்டிவிடும். அதே துணி, அதே கை, அதே பயிற்சி. தாமதம் மட்டும் இரண்டு நிமிடம்.

வீரத்தைப் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கைக் காண முடிவதில்லை. சுடுகிறவர் பதுங்கலாம், இடம் மாறலாம், காத்திருக்கலாம். காயத்தை அழுத்துகிறவருக்கு அந்த மூன்று நிமிடத்தில் இவை எதுவும் கிடையாது. இரண்டு கையும் காயத்தில் இருப்பதால் துப்பாக்கியைத் தொட முடியாது. உடல் எடை முழுவதும் முன்னால் சாய்ந்திருப்பதால் குனிந்து தப்பவும் முடியாது. களிமண் வேலை செய்ய, ஒரு மனிதர் அசையாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

தகடு மறைக்காத இடம்

பீங்கான் மீட்புப் படையினருக்கு வேறொரு வகையிலும் உதவியிருக்கிறது. கைதவறினால் நொறுங்கும் பொருள் குண்டைத் தடுக்கும் என்பது நம்பக் கடினம்தான். இங்கே பயன்படுவது அலுமினா, போரான் கார்பைடு போன்ற உயர்வகைப் பீங்கான். எஃகு முனையைவிடக் கடினமான அது மோதும் குண்டின் நுனியைச் சிதைத்து, தானும் நொறுங்கி அதன் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. பின்னால் உள்ள இழைப்படலம் துண்டுகளைப் பிடித்துவிடுகிறது. வியட்நாம் போரில் 1965-இல் ஹெலிகாப்டர் விமானிகளின் இருக்கையைச் சுற்றி இத்தகைய கவசம் பொருத்தப்பட்டது. இந்தியாவில் கான்பூரிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகம் ஒற்றைப் பீங்கான் தகடு கொண்ட எடை குறைந்த மார்புக் கவசத்தை உருவாக்கியதாக 2024 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது.

மார்பைத் தகடு காக்கிறது. தொடை இடுக்கையும் அக்குளையும் மறைத்தால் ஓட முடியாது, குனிய முடியாது. ஆகவே அவை திறந்தே இருக்கின்றன. 2001 முதல் 2011 வரை நடந்த 4,596 அமெரிக்கப் போர்க்கள மரணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 87 விழுக்காடு மருத்துவமனையை அடையுமுன்பே நிகழ்ந்தவை என்று கண்டார்கள். அப்படி இறந்தவர்களில் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள்.

காயத்தை நோக்கிப் போனவர்கள்

தாமதத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. காயம்பட்டவரை மருத்துவரிடம் விரைவாகக் கொண்டுவரலாம். மருத்துவரையே காயத்துக்கு அருகில் கொண்டுபோய் இறக்கலாம். இரண்டும் கொரியப் போரில் நடந்தன. ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் ஸ்ட்ரெச்சர் கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது முதல் வழி. இரண்டாவது வழியில் போனவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்தவர், லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவர். 1941-இல் குதித்த அந்த இருவரில் ஒருவர் ரங்கராஜ். போரில் சண்டையிடத் துருப்புகளை அனுப்பாத இந்தியா, 1950 நவம்பரில் அவர் தலைமையில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவைக் கொரியாவுக்கு அனுப்பியது. போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்க வேண்டியதாயிற்று. அறுவை சிகிச்சைக் கருவிகளை ஏற்றிப்போக வாகனம் இல்லை. விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் அத்துடன் அவர்கள் மருத்துவப் பிரிவாக இருப்பதே முடிந்திருக்கும். கைவிடப்பட்ட பழைய நீராவி இன்ஜின் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கொதிகலனுக்கு வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி ஊற்றி, தங்களுக்குள்ளேயே இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்களை வைத்து ஓட்டி, ஆற்றுப் பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன் கருவிகளோடு தெற்கே வந்துசேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று அமெரிக்க வான்குடைப் படை முன்சான்-நி என்ற இடத்தில் குதித்தபோது, ரங்கராஜ் உட்பட இந்திய மருத்துவப் பிரிவினர் 12 பேரும் கூடவே குதித்தார்கள். சண்டை ஓய்ந்தபின் வந்து சேரும் மருத்துவரைவிட, குண்டு பாய்வதற்கு முன்பே பக்கத்தில் நிற்கும் மருத்துவர் எத்தனை நிமிடங்களை மிச்சப்படுத்துவார் என்பதை மேலே போட்ட கணக்கு சொல்லும். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பின்னாளில் அவர் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியை நடத்தினார். தமிழ்ப் பாடநூல்களில் இவருக்கு ஒரு முழுப் பாடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வழியான ஹெலிகாப்டர் மீட்பு வியட்நாமில் வளர்ந்தது. செஞ்சிலுவை வரைந்த ஹெலிகாப்டர்களில் காயம்பட்டவர்களை ஏற்றிவந்த குழுவின் தலைவர் மேஜர் சார்லஸ் கெல்லி. 1964 ஜூலை 1 அன்று தரையிறங்கிய இடத்தில் கடும் துப்பாக்கிச்சூடு. கிளம்பிவிடும்படி கீழிருந்தவர்கள் சொன்னபோது, காயம்பட்டவர்களை ஏற்றிய பிறகுதான் கிளம்புவேன் என்று பதில் அனுப்பினார்; சற்று நேரத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தப் போரின் மீட்பு ஹெலிகாப்டர் குழுவினர் அனைவருக்கும் சேர்த்து அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2024-இல்தான் வந்தது. 60 ஆண்டுகள்.

கல்வானில் நாயக் தீபக் சிங்

2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கு. சுமார் 14,000 அடி உயரம். சீனப் படையினரோடு துப்பாக்கி வெடிக்காத மோதல். கல்லும் தடியும் கொண்டு நடந்தது. 16 பிகார் படைப்பிரிவோடு இருந்த நாயக் தீபக் சிங் ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் உதவியாளர்.

குளிர் அங்கே இன்னொரு எதிரி. உறைதல் தொடரிலுள்ள காரணிகள் உடலின் 37 டிகிரி வெப்பத்துக்குப் பழகியவை. உடல் குளிரக் குளிர அவை மந்தமாகின்றன. ரத்தம் குறைந்தால் திசுக்களுக்குப் பிராணவாயு போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அமிலமும் உறைதலைக் கெடுக்கிறது. உறையாத ரத்தம் மேலும் வடிகிறது, உடல் மேலும் குளிர்கிறது. குளிர், அமிலம், உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலில் சிக்கியவரை மீட்பது கடினம். ஆகவே அடிபட்டவரைப் போர்த்திச் சூடாக வைப்பதும் ரத்தத்தை நிறுத்தும் சிகிச்சையில் சேர்ந்தது.

தீபக் சிங் காயம்பட்டவர்களை நோக்கிப் போனார். தாமே பலத்த காயமடைந்த பிறகும் நிறுத்தவில்லை. 30-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவிட்டு இறந்தார். 2021-இல் அவருக்கு வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. அவர் மனைவி ரேகா சிங் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2023 ஏப்ரலில் ராணுவ லெப்டினன்ட் ஆனார்.

சாட்சி சொல்ல முடியாதவர்கள்

வீரப் பதக்கத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கைப்பற்றிய குன்றையும் வீழ்த்திய எதிரியையும் மறுநாளும் காட்ட முடியும். மருத்துவ உதவியாளர் செய்ததற்கு மிக நெருங்கிய சாட்சி, அவர் கைக்குக் கீழே கிடந்தவர். பெரும்பாலும் அவருக்கு நினைவே இருந்திருக்காது. இதையும் மீறிக் கிடைத்த அங்கீகாரங்கள் உண்டு. விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர்கள் வரலாற்றில் 3 பேர்தான். அவர்களில் ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ் ஆகிய 2 பேர் ராணுவ மருத்துவர்கள். மார்ட்டின்-லீக் நம் நாட்டில் வங்காள-நாகபுரி ரயில்வேயின் மருத்துவராக வேலை பார்த்தவர். இந்தியாவில், 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் ஆயுதமின்றித் தற்கொலைப்படைக்காரனைக் கட்டிப்பிடித்துச் சக ஊழியர்களைக் காத்து இறந்த மருத்துவர் மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங்குக்கு அசோகச் சக்கரம் கிடைத்தது. பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் மருத்துவப் படையைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. போர்முனையில் உயிரைக் காப்பதற்கென்று தனியாக ஓர் உயர் விருது வேண்டும். காயம்பட்டு நினைவிழந்தவர் பின்னாளில் சொல்லும் வார்த்தையும், மருத்துவக் குறிப்பேடும் அதற்குச் சாட்சியாக ஏற்கப்பட வேண்டும்.

உங்கள் கைக்கு

உளுந்தூர்பேட்டைச் சாலையில் பைக் விபத்து ஒன்றைப் பார்க்கிறீர்கள். அடிபட்டவருக்குத் தொடையில் ரத்தம் பீறிடுகிறது. உங்களிடம் கயோலின் துணி இருக்காது, தேவையுமில்லை. 108-ஐக் கூப்பிடச் சொல்லி ஒருவரை ஏவுங்கள். மண், காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் போடாதீர்கள். துண்டோ துப்பட்டாவோ, கிடைத்ததில் சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். அவரைப் போர்த்திவிடச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இலவசமாகத் தருகிறது. ஆம்புலன்ஸ் வந்து ஒருவர் உங்கள் இடத்தை வாங்கிக்கொள்ளும்வரை கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.